பாவைப்பிள்ளைக்கும் அவளுக்கும் ஒரே சட்டை

எனக்குக் கை சும்மா இருக்காது. இருந்தால் சேலைத் தலைப்பை நூல் நூலாக உருவிப் போடும். பஸ்ஸிலும் அப்படித்தான், செத்த வீட்டிலும் அப்படித்தான். "உனக்கென்ன, கையில எறும்பு ஊருதா?" என்று என் மனிசன் கல்யாணம் முடித்த நாளிலிருந்து கேட்கிறார். எறும்பென்றால் தட்டிவிடலாம்.

அந்தக் கைக்கு வேலை கொடுக்கத்தான் பாவைப்பிள்ளை செய்யத் தொடங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். தொடங்கியது தங்கச்சியின் மகளுக்காக. பெரியகல்லாற்றில் அக்கம்பக்கத்துக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள் நான். எனக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சிக்கு ஒன்றே ஒன்று. அவளுக்கு மூன்று வயதில் மிச்சத் துணியில் ஒரு பாவை செய்து கொடுத்தேன். பழைய வேட்டியில் உடம்பு, உள்ளே இலவம் பஞ்சு, கறுப்புக் கம்பளி நூலில் இரண்டு பின்னல். கண்ணுக்கு வைத்த பொத்தான்களில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. அதனால் அது எந்நேரமும் ஆளை முறைத்துக்கொண்டே இருக்கும். "அச்சொட்டா உன்னப்போலத்தான் இரிக்கு அக்கா," என்று தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னது உண்மை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு எந்தச் சட்டை வெட்டினாலும் அதே துணியில் ஒரு சாண் பாவைக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "பெரியம்மா, புள்ளைக்கு?" என்று கேட்பாள். பிள்ளை என்று அவள் சொல்வது பாவையைத்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே சட்டை போட வேண்டும். பாவைக்கு இல்லாத சட்டையைத் தங்கக் கம்பியில் தைத்துக் கொடுத்தாலும் தொடமாட்டாள். அந்தப் பிடிவாதம் எங்கள் பக்கத்திலிருந்து போனதுதான், வேறு எங்கிருந்து போகும்?

அவளுடைய பாவையைப் பார்த்து மச்சாளின் பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்தில் எனக்கொரு கூட்டாளி, அவளுடைய மகள்மாருக்குக் கேட்டாள். "கண் மூக்கு வைக்காமச் செஞ்சு தா, எங்கட ஊட்டுல அது சரிவராது," என்றாள். கண் மூக்கு இல்லாமல், சின்ன முக்காடு போட்டு, பிள்ளைகளின் பெருநாள் சட்டைத் துணியிலேயே தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மிச்சத் துணி மூட்டை மூட்டையாக எனக்கு வரத் தொடங்கியது.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீட்டாகக் கிடக்கிற மண். நடுவில் ரோடு. எங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவள் என்று அம்மாவின் வாவிப்பக்கத்து வீடு எனக்கு வந்தது. தங்கச்சிக்குக் கடற்பக்கத்தில் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கல்வீட்டையும் கடற்காற்றையும் பார்த்து எனக்கு அவள்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. வீட்டுக்கு வீடு பத்து நிமிட நடை. தங்கச்சியின் புருசன் கட்டாரில் வேலை செய்தபடியால் அவளுடைய மாமியார் துணைக்கு வந்து இருந்தார்.

கரைச்சல் ஒரு சித்திரை வருசத்தில் தொடங்கியது. வருசம் பிறக்கும்போது எந்த நிறத்தில் உடுக்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். மருத்துநீர் வைத்துத் தலை முழுகி, அந்த நிறத்தில் புதுசு உடுப்போம். எங்களிடம் பஞ்சாங்கம் இரண்டு. இரண்டும் ஒத்துப்போகிற வருசமும் உண்டு, போகாத வருசமும் உண்டு. நான் பார்த்தது மஞ்சள் என்றது. பிள்ளைக்கும் பாவைக்கும் மஞ்சளில் தைத்து முடித்துவிட்டேன். தங்கச்சியின் மாமியார் பார்க்கிற பஞ்சாங்கம் சிவப்பு என்றது. தைக்க முதல் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நான் யாரைக் கேட்டு எதைச் செய்தேன்?

"இதப் போட்டா வருசம் முழுக்கப் புள்ளைக்குக் கூடாது," என்று மாமியார் சொல்லிவிட்டார். தங்கச்சி என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கல்முனைக்கு பஸ் ஏறிப் போய்க் கடைச் சட்டை ஒன்று வாங்கி வந்தாள். சிவப்பு. வெள்ளை லேஸ் வைத்த கழுத்துப்பட்டி. முதுகில் நாலு பொத்தான். வருசத்தன்று கைவிசேசக் காசு வாங்க என் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை சிவப்பில், அவள் கையிலிருந்த பாவை மஞ்சளில். பிள்ளை அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "என்ட கையால தைச்சதுல என்ன தரித்திரம் கண்டீங்க?" என்று வாசலிலேயே தொடங்கினேன். "அக்கா, மாமி சொல்லுறா, நான் என்ன செய்ய?" என்றாள் தங்கச்சி. "அப்ப மாமியையே தைச்சுத் தரச் சொல்லு. இனி உன்ட ஊட்டுக்கு நான் ஊசி தொட்டா என்ன எண்டு கேள்." வருசத்து நாளில் ரோட்டுக்குக் கேட்க அப்படிச் சத்தம் போட்டேன். என் மனிசன் உள்ளே இருந்து, "பலகாரமாவது குடுத்து அனுப்பன்," என்றார். கொடுக்கவில்லை.

அந்தச் சிவப்புச் சட்டையை அன்றைக்குப் பிறகு பிள்ளை போடவில்லை. பாவைக்கும் சிவப்பு வேண்டும் என்று நின்றாள். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கால் தனியாக வருவாள். "பெரியம்மா, புள்ளைக்குச் சிவப்புத் தைச்சுத் தாங்களன்." "உன்ட அம்மாவக் கடையில வாங்கித் தரச் சொல்லு." ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற பதிலா அது? ஆனால் சொன்னேன். ஒரு தரம் இல்லை, ஐந்தாறு தரம் சொன்னேன். ஒரு சாண் துணி, அரை நாள் வேலை. சித்திரையிலிருந்து மார்கழி வரைக்கும் இழுத்தடித்தேன்.

மார்கழியில்தான் மனம் இளகியது. காத்தான்குடிக் கூட்டாளி அனுப்பிய மூட்டையில் அச்சொட்டாக அதே சிவப்பில் ஒரு துண்டு இருந்தது. பிள்ளையைக் கூப்பிட்டு, "பாவையைத் தந்திட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமை விடிய வா," என்றேன். அவள் என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "சரி சரி, ஊசி குத்தும், விடு," என்று நான்தான் விலக்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி ஊரில் இல்லை. வாவிக்கு அப்பால், படுவான்கரையில், சொந்தக்காரர் வீட்டில் முப்பத்தோராம் நாள் சடங்கு. இருட்டோடு தோணி ஏறிப் போய்விட்டாள். பிள்ளை அப்போது மாமியாருக்குப் பக்கத்தில் நீலப்பூப் போட்ட வீட்டுச் சட்டையோடு நித்திரை.

எட்டு மணிபோல என் படலை திறந்தது. பிள்ளை குளித்து, பௌடர் அப்பி, அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். முதுகு முழுக்கத் திறந்து கிடந்தது, அவளுக்குக் கை எட்டாது. மாமியார் கிணற்றடியில் நின்றாராம், இவள் பூட்டச் சொல்லக்கூட நிற்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

"பெரியம்மா, முடிஞ்சிட்டா?"

முடியவில்லை. கீழ்க்கரை மடிக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து நூல் அறுந்து அறுந்து எனக்கு விசர் வந்த மாதிரி இருந்தது. "இன்னும் கரை மடிக்கல்ல. பின்னேரம் வா."

"இஞ்ச இருந்து பாக்கட்டா?"

"வேணாம். நீ பக்கத்துல நிண்டா எனக்குக் கை ஓடாது. போ, போயிட்டுப் பின்னேரம் வா."

அவள் திரும்பினாள். திறந்த முதுகைப் பார்த்துவிட்டு, "இஞ்ச வா, இப்பிடியே ரோட்டால போறதா?" என்று பிடித்து நிறுத்தி நாலு பொத்தானையும் பூட்டிவிட்டேன். போனாள். படலையைச் சாத்தாமல் போனாள். "ஆடு மாடு வாறதுக்கா திறந்து போட்டுட்டுப் போறாய்?" என்று கத்தினேன். ரோட்டடிக்குப் போனவள் திரும்பி வந்து படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஒரு மணித்தியாலம் போயிருக்காது. முதலில் சத்தம் கேட்டது, பிறகு சனம் வாவிப்பக்கமாக ஓடி வந்தது, பிறகு கடல் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு. நான் மெசினுக்கு மேலே ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவை என் சேலைக்குள் கிடந்தது. எப்போது எடுத்துச் செருகினேன் என்று தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

மாமியாரின் உடலை அடுத்த நாள் எடுத்தார்கள். பிள்ளையைக் காணவில்லை. தங்கச்சி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கண்ட ஆட்களையெல்லாம் பிடித்து உலுக்கி அவள் சொன்னது ஒன்றுதான்: "ஏழு வயசுப் புள்ள, நீலப்பூச் சட்டை." நான் பக்கத்தில் நின்றேன். நீலம் இல்லை, சிவப்பு என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி, "உனக்கு எப்பிடித் தெரியும்?" வந்தவளைத் திருப்பி அனுப்பியது நான் என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் பிணம் தூக்கிய ஒருவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். யாருக்கென்று இல்லாமல் சொன்னார். "ஒரு பொம்புளப்புள்ள, சிவப்புச் சட்டை, கழுத்துல லேஸ். ஆரும் கேட்டு வரல்ல. எல்லாரோடயும் சேத்து ஒரே குழியில தாட்டுட்டம்." தங்கச்சி அதே இடத்தில் பத்தடி தள்ளி இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். சிவப்பு என்றதும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு நீலம்தானே தேவை. நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

நீலப்பூச் சட்டையோடு ஒரு பிள்ளையும் எங்கேயும் அகப்படவில்லை. அதையே தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "செத்திருந்தா அந்தச் சட்டையோட கிடைச்சிருப்பாள்தானே அக்கா? கிடைக்கல்ல. அப்ப உசிரோட எங்கயோ இரிக்காள்." சடங்கு செய்ய விடவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. கட்டாரிலிருந்து வந்த புருசன் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். தங்கச்சி என் வீட்டிலேயே இருந்தாள். மெசின் மேசையில் பாவையைக் காணும்போதெல்லாம், "இது இஞ்ச கிடந்தபடியாத் தப்பிச்சு. அண்டைக்கு அவளையும் உன்னட்ட விட்டுட்டுப் போயிருக்கலாம்," என்பாள். கிழமைக்கு ஒருக்காலாவது சொல்வாள். சொல்லும்போது நான் எழும்பிக் குசினிக்குப் போவேன், கிணற்றடிக்குப் போவேன், வேலிக்குப் போவேன். ஒரு இடத்தில் இருக்க ஏலாது.

அதற்குப் பிறகு எத்தனை பாவை செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கூடாரங்களில் இருந்த சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு நிவாரணத்தில் வந்த உடுப்புகளை வெட்டி, பிள்ளைக்கொன்று பாவைக்கொன்று தைத்தேன். பக்கத்து வீட்டுக்குப் பனிச்சங்கேணியில் இருந்து சண்டைக்கு இடம்பெயர்ந்து ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண்ணின் மகளுக்கும் ஒன்று செய்தேன். "அக்காட கை பொன்னான கை," என்று அவள் சொன்னாள். எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. எல்லோருக்கும் செய்து முடித்தேன், ஒன்றைத் தவிர. அந்தச் சிவப்புச் சட்டை, கரையில் குத்திய ஊசியோடு மெசின் லாச்சிக்குள் கிடந்து துருப்பிடித்தது.

ஒவ்வொரு சித்திரைக்கும் தங்கச்சி துணியோடு வருவாள். இரண்டு பஞ்சாங்கமும் பார்த்துவிட்டு வருவாள். "இப்ப அவளுக்கு ஒன்பது. பக்கத்து வீட்டுப் புள்ளட உயரம் இருப்பாள், என்ன?" என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து அளவெடுப்பாள். நான் வெட்டுவேன், தைப்பேன். அடுத்த வருசம் பத்து. அதற்கடுத்தது பதினொன்று. போடாத சட்டைகள் அவளுடைய பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. இது என்ன பாவம், இது என்ன அநியாயம் என்று எனக்குள் கிடந்து துடித்தேன். ஆனாலும் தைத்துக் கொடுத்தேன்.

அந்த வருசம் வைகாசியில் சண்டை முடிந்தது என்று றேடியோவில் சொன்னார்கள். வன்னியில் இருந்து வந்த சனத்தை வவுனியாவில் முகாம்களில் வைத்திருக்கிறார்கள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் நிறைய என்று யாரோ தங்கச்சிக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். உள்ளே அந்தச் சட்டைகள் அத்தனையும்.

"தண்ணி இழுத்துட்டுப் போய் ஆரும் காப்பாத்தி அங்கால கொண்டு போயிருக்கலாம்தானே? நாளைக்கு வெளிக்கிடுறன் அக்கா."

"உள்ளுக்கு விடமாட்டாங்க."

"வேலிக்கு வெளிய நிண்டு வாறவங்கள் போறவங்களிட்டக் கேப்பன். உன்ட எழுத்து வடிவு, ஒரு கடதாசியில எழுதித் தா. பேரை மேல எழுது. காணாமப் போகக்க வயசு ஏழு. நிறம் பொது. இடது காதுக்குக் கீழ மறு."

எழுதினேன். கை ஓடியது.

"கடைசியா உடுத்திருந்தது நீலப்பூச் சட்டை எண்டு எழுது."

பேனை நின்றது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். மத்தியான வெக்கையில் முகமெல்லாம் வேர்த்து, ஆனால் அந்த முகத்தில் அப்படியொரு தெளிவு. நாளைக்கு இவள் போய் அந்த வேலிக்கு வெளியே நிற்பாள். ஒரு நாள் இல்லை, மாதக்கணக்கில் நிற்பாள். என் மகள் நீலப்பூச் சட்டை, என் மகள் நீலப்பூச் சட்டை என்று கண்டவரையெல்லாம் கும்பிடுவாள். இதற்கு மேலும் நான் வாய் திறக்காவிட்டால் நான் மனிசி இல்லை.

'சிவப்புச் சட்டை' என்று எழுதினேன். 'கழுத்தில் லேஸ்' என்று எழுதினேன்.

கடதாசியை வாங்கி வாசித்தாள். "நீலம் எண்டுதானே அக்கா சொன்னன்?"

"சிவப்பு."

"நான் பாத்துட்டுத்தானே போனன்..."

"நீ போன பிறகு மாத்திட்டாள். அதப் போட்டுக்கொண்டு என்னட்ட வந்தவள். பாவைக்குச் சட்டை முடியல்ல. இருந்து பாக்கட்டா எண்டு கேட்டவள். நான்தான் போகச் சொன்னன். பின்னேரம் வா எண்டு சொன்னன்." நிறுத்தினால் பிறகு வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். தேத்தண்ணி குடித்த ஆள் சொன்னதையும் சொன்னேன். தாட்ட கதையையும் சொன்னேன். பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றும் சொன்னேன்.

தங்கச்சி அசையவில்லை. பெட்டியின் பிடியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்று நினைத்தேன். அவள் கேள்விதான் கேட்டாள்.

"நான் வாங்கிக் குடுத்த சட்டையா?"

"ஓம்."

"அது முதுகுல பொத்தான். அவளுக்குக் கை எட்டாது. ஆர் பூட்டிவிட்ட?"

"நான்தான்."

"நாலையுமா?"

"ஓம். நாலையும்."

என் கையை எடுத்தாள். விரலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள், ஊசி குத்திக் காய்த்துப்போன நுனிகளைத் தடவினாள். பிறகு அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கத்தத் தொடங்கினாள். அந்த நாலரை வருசத்தில் அவள் ஒரு தரமும் வாய்விட்டு அழவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யார் ஒப்பாரி வைப்பார்கள்? இப்போது வைத்தாள். நான் கையை இழுக்கவில்லை. அது ஆடாமல் அவள் முகத்திலேயே கிடந்தது.

சத்தம் கேட்டுப் பனிச்சங்கேணிப் பெண் வேலியால் புகுந்து ஓடி வந்தாள். "என்ன அக்கா, ஆருக்கு என்ன?"

"என்ட மகள் செத்திட்டாள்," என்றாள் தங்கச்சி.

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "எப்ப அக்கா?"

"இப்பதான்," என்றாள் தங்கச்சி.